கடைசி டோக்கனை விழுங்கிய குரல்

எலும்பு டாக்டரின் கிளினிக்கில் ரொம்ப காலத்துக்கு மைக் வாங்க வேண்டிய அவசியமே வரவில்லை. வாசல் பக்கம் நாற்காலி போட்டு ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார். உள்ளே டாக்டர் பெல்லை அழுத்தியதும் "பதினேழு!" என்று ஒரு சத்தம் கொடுப்பார். பதினேழாம் டோக்கன்காரர் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தாலும் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடி வருவார். கால் ஒடிந்து வந்தவன்கூட ஒடிந்ததை ஒரு நொடி மறந்து எழுந்து நிற்பான். அதனால் அவருக்கு மைக்கண்ணன் என்று பேர். பெற்றவர்கள் வைத்த பேர் என்னவென்று அவர் மனைவியே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வாள்.

யார் கண் பட்டதோ, அந்தத் தொண்டை போய்விட்டது. போய்விட்டது என்றால் ஒரேயடியாக இல்லை. தகரத்தில் ஆணியால் கோடு இழுத்த மாதிரி ஒரு சத்தம் மட்டும் மிச்சம் இருந்தது. தொண்டை டாக்டர் வாய்க்குள் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே கத்தினீங்கன்னா இருக்கறதும் போயிடும்" என்றார்.

ஆனால் மைக்கண்ணன் விவரமான ஆள். தொண்டை கம்மத் தொடங்கியபோதே, குரல் கொஞ்சம் தெளிவாக இருந்த ஒரு காலையில், குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஒன்றிலிருந்து நூறு வரை போனில் பதிவு செய்து வைத்திருந்தார். எதிரொலி அங்கேதான் நன்றாக விழும் என்பது அவர் கணக்கு. வெளியே இருந்து மனைவி கதவைத் தட்டினாள். "உள்ள என்ன ஏலமா விடுறீங்க? வாளிய மட்டும் ஏலத்துல விட்டுடாதீங்க!"

எண்களோடு கடைசியில் ஒரு வரியும் சேர்த்துப் பதிவு செய்தார். தினமும் கடை கட்டும்போது அவர் வழக்கமாகச் சொல்லும் வரி: "இன்னைக்கு அவ்வளவுதான். எல்லாரும் போயிட்டு வாங்க."

பதிவு இருக்கிறது, கூப்பிட ஆள் வேண்டுமே. பிரிண்டிங் கடை மாடியில் கம்ப்யூட்டர் கிளாஸ் நடந்தது. அவர் போய்ச் சேர்ந்தார். மகளைவிடச் சின்னப் பெண் ஒருத்தி அங்கே மிஸ். கூடப் படித்த பிள்ளைகள் எல்லாம் "அங்கிள், கொஞ்சம் தள்ளி உக்காருங்க, ஸ்கிரீன் தெரியல" என்றார்கள். லூப் என்ற ஒன்றை மிஸ் நடத்தினாள். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லி மெஷினுக்கு உத்தரவு போடுவது. மைக்கண்ணனுக்கு அதைக் கேட்டதும், 'அட, இத்தனை வருஷமா நான் பண்ணிட்டிருந்தது இதுதானே' என்று தோன்றிவிட்டது. அதோடு கிளாஸுக்கு முழுக்குப் போட்டார். லூப்பை எழுதிவிட்டு எங்கெங்கே சரிபார்க்க வேண்டும் என்று மறுநாள் மிஸ் நடத்தியபோது, இவர் எதிர்க்கடையில் உட்கார்ந்து தன் புரோகிராமைப் பற்றிப் பெருமை அடித்துக்கொண்டிருந்தார்.

அவர் எழுதிய உத்தரவு இவ்வளவுதான். எண் ஒன்றில் ஆரம்பி. எண், மொத்த டோக்கனைவிடக் குறைவாக இருக்கும்வரை இதைச் செய்துகொண்டே இரு: பெல் அடித்தால் அந்த எண்ணைக் கூப்பிடு. எல்லாம் முடிந்த பிறகு பெல் அடித்தால், 'போயிட்டு வாங்க' என்று சொல்.

முதல் நாள் ஸ்பீக்கரில் அவருடைய பழைய குரல் கணீரென்று வந்தது. "ஒண்ணு!" கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பஞ்சர் கடைக்காரர் எழுந்து உள்ளே போய்விட்டு வந்தார். அடுத்த பெல். "ஒண்ணு!" பஞ்சர் கடைக்காரர், ஏதோ மறந்துவிட்டுத் திரும்பக் கூப்பிடுகிறார்கள்போல என்று மறுபடி போனார். அடுத்த பெல்லுக்கும் "ஒண்ணு!" தான். இந்தத் தடவை டாக்டரே கதவைத் திறந்து தலையை நீட்டினார். "ஏம்ப்பா மைக்கு, இந்த ஒண்ணாம் நம்பர் உனக்கு மாமனா மச்சானா? இன்னைக்கு முழுக்க இவர மட்டும்தான் பாக்கணுமா?"

கூப்பிட்ட பிறகு எண்ணோடு ஒன்றைக் கூட்டச் சொல்ல மறந்துவிட்டார். கூட்டாவிட்டால் ஒன்று எத்தனை தடவை சுற்றினாலும் ஒன்றுதான்.

அன்றே திருத்தினார். 'ஒன்று கூட்டு' என்ற வரியைச் சேர்த்தார். ஆனால் 'கூப்பிடு' என்ற வரிக்கு மேலே சேர்த்துவிட்டார். மறுநாள் மெஷின் எடுத்த எடுப்பிலேயே "ரெண்டு!" என்றது. முதல் டோக்கனுக்காக விடியலிலேயே வந்து நின்ற லாரி டிரைவர் கிளினிக்கைத் தலைகீழாக்கிவிட்டார். "முதல்ல வந்தவன் என்ன கேணையனா?" மைக்கண்ணன் சிரித்து மழுப்பி, அந்த வரியைக் கீழே இறக்கினார். முதலில் கூப்பிடு, பிறகு கூட்டு. அதற்கடுத்த நாள் ஒன்று, இரண்டு, மூன்று என்று மெஷின் மணி மணியாகக் கூப்பிட்டது. மூன்று வரை கேட்டுவிட்டு மைக்கண்ணன் மீசையைத் தடவிக்கொண்டு பின் அறைக்குப் போனார். இனி கூடத்தில் அவருக்கு என்ன வேலை? டோக்கன் கொடுப்பதைக் கூட்டிப் பெருக்கும் அக்கா பார்த்துக்கொண்டாள். மொத்தம் எத்தனை என்று அவள் சொன்னால் இவர் கம்ப்யூட்டரில் தட்டுவார். அவ்வளவுதான் உத்தியோகம்.

அதற்குப் பிறகு அபூர்வமாகச் சில நாள், கடைசி ஆள் யாராவது டோக்கனோடு பின் அறைக்கு வந்து நிற்பார்கள். "அண்ணே, என் நம்பரக் கூப்பிடவே இல்லையே."

"மெஷின் பொய் சொல்லாதுங்க. கூப்பிடறப்ப நீங்க எங்க பராக்குப் பாத்திட்டிருந்தீங்களோ."

ஒரு தையல்காரர் மட்டும் விடவில்லை. "இல்லண்ணே, பெஞ்சிலயேதான் உக்காந்திருந்தேன்" என்றார்.

"அப்ப காதுலதான் கோளாறு. காது டாக்டரப் பாருங்க, போங்க."

தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

இந்தச் சமயத்தில்தான் சம்பந்தியம்மாவுக்கு முழங்கால் வலி முற்றியது. மைக்கண்ணன் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டு அம்மா. லாண்டரிக் கடை வைத்திருக்கிறார். பகல் முழுக்க நின்றபடியே இஸ்திரி போடுகிற கால் வேறென்ன செய்யும்? "அத்தைய நம்ம டாக்டர்கிட்ட அனுப்பு கண்ணு. கவனிப்பு பிரமாதமா இருக்கும். நான் செஞ்ச மெஷினு கூப்பிடும், அதையும் கேக்கட்டும்" என்று மகளிடம் போனில் சொன்னார். பிறகு பல நாள் கழிந்தது. பின் அறைக்கு யாரும் வந்து, 'சம்பந்தி, சௌக்கியமா?' என்று கேட்கவில்லை. அவர் மனம் சுணங்கியது. சுணங்கிய மனசு சும்மா இருக்குமா? எதிர்க்கடையில் உட்கார்ந்து வாயைத் திறந்தார். "எங்க சம்பந்தியம்மாவுக்கு நம்ம கிளினிக் எல்லாம் கண்ணுல படுமா? ஏசி போட்ட ஆஸ்பத்திரியில சாஞ்சுக்கிட்டு உக்காந்தாத்தான் அவங்களுக்கு வலியே வரும்."

டீக்கடைக்காரர் சட்டைகள் சம்பந்தியம்மாவின் லாண்டரிக்குத்தான் போகும் என்பது மைக்கண்ணனுக்கு அப்போது நினைவில் இல்லை. சட்டையோடு பேச்சும் போய்ச் சேர்ந்தது.

ஒரு விடுமுறை நாள் மதியம் மகள் வந்தாள். செருப்பைக் கழற்றிய விதத்தைப் பார்த்தே அவள் அம்மா அடுப்பை அணைத்துவிட்டாள்.

"அப்பா, உங்களுக்கு எங்க அத்தை மேல என்ன கோவம்?"

"எனக்கா? அவங்களுக்குத்தான் என் மேல. வா வான்னு கூப்பிட்டும் எட்டிப் பாக்கல."

"அவங்க ரெண்டு தடவ வந்தாங்கப்பா."

மைக்கண்ணன் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் அப்படியே நின்றது.

"சம்பந்தி வேலை பாக்கற இடம், முண்டியடிச்சு முன்னால நின்னா அவருக்குத்தான் கெட்ட பேருன்னு, எல்லாரும் வாங்கற வரைக்கும் நின்னு கடைசி டோக்கன் வாங்கியிருக்காங்க. மொத தடவ கூப்பிடல. சரி, நம்ம காதுல விழலயோன்னு வந்துட்டாங்க. ரெண்டாந்தடவ நல்லா கேட்டுட்டே உக்காந்திருந்தாங்களாம். பக்கத்துல இருந்தவரு வரைக்கும் கூப்பிட்டுச்சாம். அப்புறம் உங்க குரல்ல, 'இன்னைக்கு அவ்வளவுதான், போயிட்டு வாங்க'ன்னு வந்துச்சாம். பெஞ்சில அவங்க ஒருத்தங்கதான் இருந்தாங்களாம்ப்பா. 'உங்கப்பா வாயாலயே என்னைப் போகச் சொல்லிட்டாரும்மா'ன்னாங்க. அதோட சரி. அப்புறம் என்கிட்ட பேச்சே இல்ல. உப்பு பத்தலன்னாக்கூட, 'உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு'ன்னு மகன்கிட்டதான் சொல்றாங்க. இந்த லட்சணத்துல டீக்கடையில வேற நீங்க ஏதோ சொன்னீங்களாமே."

"அது சும்மா விளையாட்டுக்கு…"

"நான் அந்த வீட்டுல இருக்கறது விளையாட்டுக்கு இல்லப்பா."

சமையலறை வாசலில் நின்ற மனைவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து மகள் பக்கத்தில் நின்றாள்.

"மெஷின்ல தப்பு இருக்காது" என்றார் மைக்கண்ணன். குரல் அவருக்கே கேட்கவில்லை. மகளுக்கு நிரூபித்துக் காட்டிவிடுவது என்று கம்ப்யூட்டரைச் சாப்பாட்டு மேஜையில் கொண்டுவந்து வைத்தார். மனைவியை உட்கார வைத்து, "நீ டாக்டரு. இந்தப் பட்டன்தான் பெல்லு. அழுத்து" என்றார். மொத்த டோக்கன் மூன்று என்று தட்டினார்.

மனைவி அழுத்தினாள். "ஒண்ணு!"

மறுபடி. "ரெண்டு!"

மறுபடி. "இன்னைக்கு அவ்வளவுதான். எல்லாரும் போயிட்டு வாங்க."

"என்னங்க, மூணு எங்க?" என்றாள் மனைவி.

அவர் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் இழுத்தார். மொத்தம் ஒன்று என்று மாற்றினார். ஒரே ஒரு ஆள் வந்த நாள் என்று வைத்துக்கொள்ளலாம். மனைவி பட்டனைத் தொட்டதுதான் தாமதம், குளியலறை எதிரொலியோடு அவருடைய கணீர்க் குரல் வந்தது. "இன்னைக்கு அவ்வளவுதான். எல்லாரும் போயிட்டு வாங்க."

"ஒருத்தர்தான் வந்தாரு. அவரையும் தொரத்தியாச்சு" என்றாள் மனைவி. சிரிக்கத்தான் வேண்டும். யாரும் சிரிக்கவில்லை.

புரோகிராமைத் திறந்து பார்த்தபோது அவருக்குப் புரிந்தது. மொத்தத்தைவிட எண் 'குறைவாக' இருக்கும்வரை கூப்பிடு என்றால், மூன்று மூன்றைவிடக் குறைவு இல்லையே. மூன்று வந்ததும் லூப் நின்றுவிடும். கூட்டிவிட்டுக் கூப்பிட்டபோது முதல் ஆள் விடுபட்டார், கடைசி ஆள் தப்பித்தார். கூப்பிட்டுவிட்டுக் கூட்டியபோது முதல் ஆள் தப்பித்தார், கடைசி ஆள் விடுபட்டார். தலைக்குப் போர்வையை இழுத்துவிட்டு, கால் வெளியே கிடப்பதைப் பார்க்காமலே தூங்கியிருக்கிறார். முதல் ஆளை விட்டால் கூடமே கூச்சல் போடும். கடைசி ஆளை விட்டால் கூடத்தில் கூச்சல் போட யார் இருக்கிறார்கள்?

'குறைவு' என்ற குறிக்குப் பக்கத்தில் ஒரு சமக்குறி போட்டார். குறைவாகவோ சமமாகவோ இருக்கும்வரை. மூன்றைத் தட்டினார், மூன்றும் வந்தது. ஒன்றைத் தட்டினார், ஒன்றும் வந்தது. ஒரு விரல் வேலை. அதைப் பார்க்கப் பார்க்க அவருக்கு உடம்பு கூசியது. பின் அறைக்கு வந்து நின்ற முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஒருத்தரைக்கூட அவர் நம்பவில்லை.

"போய்ப் பேசுங்க" என்றாள் மகள்.

சம்பந்தியம்மா வீடு லாண்டரிக் கடைக்கு மேல் மாடி. போகிற வழியெல்லாம் பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார். பழியை மெஷின் மேல் போட்டு, நடுவில் ஒரு ஜோக்கைச் செருகி, காபி குடித்துவிட்டு வந்துவிடலாம் என்று திட்டம். படிக்கட்டுக்கு வந்து நிமிர்ந்து பார்த்தார். சம்பந்தியம்மா மேலே இருந்து கடைக்கு இறங்கிக்கொண்டிருந்தார். நடந்து இல்லை. உட்கார்ந்து, கையை ஊன்றி, ஒவ்வொரு படியாக நகர்ந்து. இவரைப் பார்த்ததும் பாதிப் படியில் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வாங்க சம்பந்தி" என்றார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அதுதான் சுட்டது.

"அந்த மெஷின்ல ஒரு சின்னக் கோளாறும்மா…"

"மெஷினா? குரல் உங்களது மாதிரி இருந்துச்சே."

"குரல் என்னதுதான்."

"அப்ப மெஷின எழுதினது யாரோ?"

மைக்கண்ணன் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஒத்திகை பார்த்த ஜோக்கை விட்டுவிட்டார். "நான்தான் எழுதினேன். கடைசி ஆளக் கூப்பிடவே கூப்பிடாத மாதிரி எழுதி வெச்சுட்டேன். உங்கள மட்டும் இல்ல, எத்தன பேரயோ. வந்து கேட்டவங்களயும் திட்டி அனுப்பினேன். டீக்கடையில பேசினதும் நான்தான். எம்பொண்ணுக்கு இதுல எந்தச் சம்பந்தமும் இல்லம்மா. அவகிட்ட பேசுங்க."

சம்பந்தியம்மா முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். நம்பினாரா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை.

"நாளைக்கு வர்றேன்" என்றார். "நீங்களும் ஒரு டோக்கன் வாங்குங்க."

"நானா? எனக்கெதுக்கும்மா?"

"கடைசி டோக்கன். எனக்குப் பக்கத்துல உக்காருங்க. மெஷின் கூப்பிடுதான்னு ரெண்டு பேருமாக் கேப்போம்."

மறுநாள் மாலை மைக்கண்ணன் கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் நாற்காலி போட்டு அதிகாரம் செய்த இடத்துக்கு எதிரே, சுவரோரம், ஃபேன் காற்று படாத மூலை. அங்கே காற்று வராது என்பதே அவருக்கு அன்றுதான் தெரியும். பக்கத்தில் சம்பந்தியம்மா, கடைசிக்கு முந்திய டோக்கனோடு. வருகிற போகிறவர்கள் எல்லாம், "என்ன மைக்கண்ணே, இங்க வந்து உக்காந்துட்டீங்க? இடுப்பு போச்சா?" என்று விசாரித்தார்கள். அவர் கையிலிருந்த பிளாஸ்டிக் டோக்கன் வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

எதிர்ப் பெஞ்சில் தையல்காரர் இருந்தார். இவரைப் பார்த்ததும் எழுந்து வந்து பணிவாகச் சொன்னார்: "அண்ணே, நீங்க சொன்ன மாதிரியே காது டாக்டரப் பாத்தேன். மெஷின் எல்லாம் வெச்சுப் பாத்துட்டு, காது சுத்தமா இருக்குன்னுட்டாரு. இருந்தாலும் எதுக்கும்னு இன்னைக்கு முன்னாடியே வந்துட்டேண்ணே."

சம்பந்தியம்மா மெதுவாகத் தலையைத் திருப்பி மைக்கண்ணனைப் பார்த்தார்.

"உங்க காது நல்லாத்தான் இருக்குங்க" என்றார் மைக்கண்ணன், தகரக் குரலில். "என் புரோகிராம்தான் செவிடு."

தையல்காரருக்குப் புரியவில்லை. பெரிய மனுஷர் ஏதோ சொல்கிறார் என்று தலையாட்டிவிட்டுப் போனார். புரிந்து நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது மைக்கண்ணனுக்கு.

கூடம் காலியாகிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு எண்ணாக அவருடைய குரல் கூப்பிட்டது. பெஞ்சில் இருந்து கேட்டால் அந்தக் குரல் வேறு மாதிரி இருந்தது. நல்ல குரல்தான். ஆனால் எதிரே இருப்பது யார் என்று அதற்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. சம்பந்தியம்மாவின் எண் வந்தது. பையை மைக்கண்ணன் மடியில் வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டே உள்ளே போனார். வெகுநேரம் கழித்து, கையில் மருந்துச் சீட்டோடு வந்து மறுபடி பக்கத்தில் உட்கார்ந்தார்.

இப்போது கூடத்தில் இவர்கள் இரண்டு பேர்தான். கூட்டும் அக்கா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்து, ஒரு ஃபேனை அணைத்தாள். இன்னொன்றையும் அணைத்தாள். மைக்கண்ணன் கையில் வில்லை வியர்த்துப் போயிருந்தது. திருத்தியாகிவிட்டது, வீட்டில் ஓட்டியும் பார்த்தாகிவிட்டது. இருந்தும் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்படித்தான் உட்கார்ந்திருந்தாரா அந்த அம்மா, இரண்டு தடவை?

பெல் அடித்தது. ஒரு நொடி ஒன்றும் இல்லை. பிறகு அவருடைய குரல் அவருடைய எண்ணைக் கூப்பிட்டது.

"போங்க சம்பந்தி, கூப்பிடறாங்க" என்றார் சம்பந்தியம்மா.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "நீயாய்யா? உக்காரு. எங்க வலிக்குது?"

மைக்கண்ணன் உட்கார்ந்தார். எந்த இடத்தைக் காட்டுவது என்று தெரியவில்லை. முட்டியைக் காட்டப் போய், கையை மடக்கிக்கொண்டார். "இல்ல டாக்டர். சும்மா, கூப்பிடுதான்னு பாக்க வந்தேன்" என்று வில்லையை மேஜையில் வைத்தார். டாக்டர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகப் பெல்லை அழுத்தினார். "இன்னைக்கு அவ்வளவுதான். எல்லாரும் போயிட்டு வாங்க" என்றது வெளியே.

அவர் வந்தபோது சம்பந்தியம்மா போனில் பேசிக்கொண்டிருந்தார். "ஆமாம்மா… கூப்பிட்டுச்சு. உங்கப்பாவையும் கூப்பிட்டுச்சு. ஊசி எல்லாம் இல்ல, மாத்திரைதான். எனக்காகக் காத்திருக்காத, நீ சாப்பிட்டுடு." எதிர்முனையில் யார் என்று மைக்கண்ணன் கேட்கவில்லை. கண்ணைத் துடைப்பது தெரியக்கூடாது என்று மூக்கைத் துடைத்தார்.

கிளினிக் வாசல் படிக்கு வந்ததும் சம்பந்தியம்மா நின்றார். "குரல் நல்லாத்தான் இருக்கு சம்பந்தி. ஆனா அந்தக் கடைசி வரிய எடுத்துடுங்க."

"வேற பதிவு பண்ண இப்பத் தொண்டை இல்லையேம்மா."

"பதிவு எதுக்கு? நீங்க இங்கதான இருக்கீங்க."

அன்றே அந்த வரியை எடுத்துவிட்டார். இப்போது கடைசி பெல் அடித்தால் ஸ்பீக்கரில் எதுவும் வராது. பின் அறைக் கதவு திறக்கும். மைக்கண்ணன் கூடத்துக்கு வந்து, ஃபேன் காற்று படாத மூலை வரைக்கும் நடந்து போய்ப் பார்ப்பார். ஆணி இழுத்த குரலில் கேட்பார்: "யாராச்சும் இருக்கீங்களா?"

முதல் நாள் அந்தக் குரலைக் கேட்டுக் கூட்டும் அக்கா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். அவர் அவளைத் திட்டவில்லை. மூலைப் பெஞ்சுக்கு அடியிலும் ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டு, விளக்கை அணைத்தார்.